மூன்று ப்ளை அட்டையின் விறைப்பு: கணக்கில் 3.4, டெஸ்டில் 2.2. மீதி எங்கே போகிறது?

நெளிதாள்

சூப்பர் மார்க்கெட்டில் வைக்கிற டிஸ்ப்ளே ஸ்டாண்டு ஒன்றை நெளி அட்டையில் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். தட்டு 600 மி.மீ. நீளம், 300 மி.மீ. ஆழம். ஒரு தட்டில் 4 கிலோ ஷாம்பு பாட்டில் நிற்கும். அட்டையை வெட்டுவதற்கு முன்பே தட்டு எவ்வளவு தொய்யும் என்று எஃப்இ மாடலில் (பொருளைச் சின்னச் சின்ன மூலகங்களாகப் பிரித்துப் போடும் கம்ப்யூட்டர் கணக்கு) பார்த்துவிட வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

அட்டை 3 ப்ளை (மூன்று தாள் அடுக்கு), பி ஃப்ளூட் (நெளிவின் ஓர் அளவு வகை). இரண்டு லைனரும் (வெளித் தாள்கள்) 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), நடுவில் மீடியம் (நெளிந்த தாள்) 120 ஜிஎஸ்எம். மொத்தத் தடிமன் 2.95 மி.மீ., லைனர் 0.23 மி.மீ. லைனரைத் துண்டு போட்டு இழுத்துப் பார்த்ததில் மாடுலஸ் (பொருளின் விறைப்பு எண்) எம்டி திசையில் (காகிதம் மில்லில் ஓடிய திசை) ஏறக்குறைய 4000 மெகாபாஸ்கல். அதற்குக் குறுக்கே, சிடி திசையில், 1800.

சாண்ட்விச் கணக்குதான் போட்டேன்: மாடுலஸ் × லைனர் தடிமன் × இரு லைனர் மையங்களின் இடைவெளியின் வர்க்கம் ÷ 2. எம்டி திசையில் 4000 × 0.23 × 2.72² ÷ 2, அதாவது 3400 நியூட்டன்-மி.மீ., 3.4 நியூட்டன்-மீட்டர். மீடியம் எம்டி திசையில் நெளிந்து கிடப்பதால் அதன் பங்கைச் சேர்க்கவில்லை. சிடி திசையில் மீடியத்தையும் சேர்த்தால் 1.85 வருகிறது.

50 மி.மீ. அகலத் துண்டை 100 மி.மீ. ஸ்பேனில் (தாங்கும் இடைவெளியில்) மூன்று புள்ளி வளைவு டெஸ்ட் (இரு முனையில் தாங்கி நடுவில் அழுத்துவது) செய்தால் எம்டி திசையில் 2.2, 2.3 என்றுதான் வருகிறது. வேறு வேறு ஷீட்டிலிருந்து எடுத்தாலும் அதே கதை. சிடி திசையில் 1.7, அது பரவாயில்லை. எம்டியில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு எங்கே காணாமல் போகிறது?

சிவகாசிக்காரன்

தம்பி, 150 ஜிஎஸ்எம் என்று சொன்னீர்கள், எத்தனை பிஎஃப் (பர்ஸ்டிங் ஃபேக்டர், கிழிபல எண்)? ஆட்டோ பிளான்ட் ஷீட்டா, செமி ஆட்டோவா? சிங்கிள் ஃபேஸ் ரோலை (ஒரு லைனர் மட்டும் ஒட்டிய நெளி ரோல்) வெட்டி மேல் லைனரைத் தனி ஷீட்டாக ஒட்டுகிற இடம் என்றால் முதலில் கிரெய்னை, அதாவது இழை ஓடும் திசையைப் பாருங்கள். வேஸ்டேஜ் மிச்சம் பிடிக்க ஷீட்டைத் திருப்பிப் போட்டு ஒட்டிவிடுவார்கள். அப்படி ஆனால் மேல் லைனர் உங்கள் எம்டி திசையில் 4000 தராது, 1800தான் தரும். ஒட்டிய இரண்டாம் நாள் ஷீட் திருகிக்கொண்டு நிற்கும், அதிலேயே தெரிந்துவிடும்.

மேல் லைனரைப் பிரித்தெடுத்துச் சதுரமாக வெட்டி ஒரு பக்கம் மட்டும் லேசாக நனையுங்கள். சுருளும். சுருளின் அச்சு எந்தப் பக்கம் நீள்கிறதோ அதுதான் கிரெய்ன்.

நெளிதாள்

18 பிஎஃப், செமி ஆட்டோ ஷீட்தான் அண்ணாச்சி. நனைத்துப் பார்த்தேன், இரண்டு லைனரும் ஒரே பக்கம்தான் சுருள்கின்றன. ஷீட்டிலும் திருகல் இல்லை. கிரெய்ன் காரணமில்லை.

சிவகாசிக்காரன்

சரி, அது போகட்டும். 18 பிஎஃப், 150 ஜிஎஸ்எம் என்றால் பர்ஸ்டிங் 2.7 கிலோ. அது காகிதம் எப்போது கிழியும் என்று சொல்லும், எப்படி வளையும் என்று சொல்லாது. ஒரே பிஎஃப் போட்ட இரண்டு மில் காகிதம் கையில் பிடித்தாலே வேறு மாதிரி இருக்கும். மாடுலஸைத் தனியாக எடுத்தது நல்லது. ஷீட் பிரிண்டிங்குக்குப் போய் வந்ததா, போகாததா?

தகடு_கணக்கு

உங்கள் ஃபார்முலா தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதைதான். இரண்டு லைனரும் ஒன்றாகச் சேர்ந்து வளையும், நடுவில் இருப்பது அவற்றை வழுக்கவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நெளி மீடியம் அப்படிப் பிடிப்பதில்லை. நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே, அதன் மிகச் சிறிய அளவு இங்கே நடக்கிறது. மேல் லைனர் ஒரு பக்கம், கீழ் லைனர் மறு பக்கம் நகர, நடுவிலுள்ள ஃப்ளூட் சாய்கிறது. இதுதான் டிரான்ஸ்வர்ஸ் ஷியர்.

அதனால்தான் எம்டியில் மட்டும் பெரிதாக அடிக்கிறது. ஃப்ளூட் கோட்டின் நீளவாக்கில் மீடியம் சாய்ந்த சுவர்களாக நிற்கிறது, ஷியரில் தன் தளத்திலேயே வேலை செய்கிறது. குறுக்கே தள்ளினால் அந்தச் சுவர்களே வளைய வேண்டும். 0.2 மி.மீ. காகிதம் வளைவது ஒரு பெரிய காரியமா?

மூன்று புள்ளி டெஸ்டில் தொய்வு இரண்டு பங்காக வரும். வளைவுப் பங்கு ஸ்பேனின் மூன்றாம் அடுக்கில் போகும், ஷியர் பங்கு ஸ்பேனோடு நேராகப் போகும். இதை அடுக்கி எழுதினால்:

1 ÷ தெரியும் விறைப்பு = 1 ÷ உண்மையான வளைவு விறைப்பு + 12 ÷ (ஷியர் விறைப்பு × ஸ்பேன்²)

100 மி.மீ. ஸ்பேனில் 2.25 தெரிந்து, உண்மையான வளைவு விறைப்பு 3.4 என்றால், ஷியர் விறைப்பு ஒரு மி.மீ. அகலத்துக்கு 8 நியூட்டன் அளவில் இருக்க வேண்டும். உங்கள் சிடி எண்களிலிருந்து அதே வழியில் எடுத்தால் 25 பக்கம் வருகிறது. மூன்று மடங்கு வித்தியாசம், நெளிவின் வடிவத்தைப் பார்த்தால் நம்பக்கூடியதுதான்.

ஆனால் இது ஒரே ஸ்பேனை வைத்துப் பின்னோக்கிப் போட்ட கணக்கு. எந்த ஓட்டையையும் ஷியர் தலையில் கட்டிவிடலாம். 100, 200, 300 மூன்று ஸ்பேனிலும் எடுங்கள். ஸ்பேன் வர்க்கத்தின் தலைகீழியை ஒரு அச்சிலும், தெரியும் விறைப்பின் தலைகீழியை மறு அச்சிலும் போடுங்கள். நேர்கோடு வந்தால் நான் சொன்னது சரி. 200-ல் 3.0, 300-ல் 3.2 வர வேண்டும். வராவிட்டால் வேறு காரணம் தேடுவோம்.

இது புதுச் சரக்கும் இல்லை. விமானத் தகடுகளுக்காக லிபோவும் ஹப்காவும் 1951-லேயே அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான நாகாவின் (NACA) அறிக்கையாக நெளி மையச் சாண்ட்விச்சின் மாறிலிகளை எழுதிவிட்டார்கள். ஷியரும் அதில் இருக்கிறது. உலோகத்துக்குப் போட்ட அதே சட்டகத்தில்தான் அட்டைக்காரர்களும் பிறகு உட்கார்ந்தார்கள்.

மூன்றாம்_ப்ளை

பேப்பர் லேபில் இருக்கிறேன். தகடு_கணக்கு சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் மூன்று புள்ளி டெஸ்டை அவ்வளவு நம்ப வேண்டாம். நடுவில் அழுத்துகிற உருளை மேல் லைனரைக் கொஞ்சம் உள்ளே அமுக்கிவிடும். அந்தப் பள்ளத்தையும் நீங்கள் தொய்வாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பள்ளத்தால் வரும் பங்கும் குறைந்த ஸ்பேனில்தான் பெரிதாகத் தெரியும், ஷியர் வேடம் போட்டுக்கொண்டு வரும்.

லேபில் நாங்கள் நான்கு புள்ளி முறைக்குப் போவது இதனால்தான். உள்ளேயுள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஷியர் விசை கிடையாது, வளைவு மட்டும்தான். அந்த நடுப் பகுதியின் தொய்வை அந்த இரண்டு புள்ளிகளை வைத்தே அளந்தால் உண்மையான வளைவு விறைப்பு நேராகக் கிடைத்துவிடும். மூன்று ஸ்பேன் கோட்டின் வெட்டுத்துண்டும் (கோடு அச்சை வெட்டும் இடம்) இதுவும் ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொன்று, எவ்வளவு எடை வைக்கிறீர்கள்? பி ஃப்ளூட்டில் இரண்டு பசைக்கோட்டுக்கு நடுவே லைனர் ஏறக்குறைய 6.5 மி.மீ. சும்மா நிற்கிறது. எம்டியில் வளைக்கும்போது அழுத்தம் வாங்குகிற லைனர் அந்த இடைவெளியில் தனியாகப் புடைத்துக்கொள்ளும். உங்கள் எண்களை வைத்துத் தோராயமாகப் போட்டால் 4 மெகாபாஸ்கலிலேயே அது ஆரம்பித்துவிடும். 50 மி.மீ. துண்டு, 100 மி.மீ. ஸ்பேனில் அது வெறும் 5 நியூட்டன், தொய்வு ஒரு மி.மீ. கூட வராது. அதற்கு மேல் எடுத்த சரிவு விறைப்பே இல்லை. லைட்டைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், மேல் முகத்தில் வரி வரியாகத் தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

துண்டை எந்த ஈரப்பதத்தில் வைத்திருந்தீர்கள் என்று எழுதவே இல்லை. 23 டிகிரி, 50 சதவீதம் என்பது ஸ்டாண்டர்டு. அதிலும் காய்ந்த பக்கத்திலிருந்து வர வேண்டும். மழையில் கிடந்த ஷீட்டை 50 சதவீத அறைக்குள் கொண்டுவந்தால், அது அதே அறைக்குக் காய்ந்து வந்த ஷீட்டைவிட அதிகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

சும்மா_பார்க்கிறேன்

இவ்வளவு தலைவலி எதற்கு? பெட்டிக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் மெக்கீ ஃபார்முலா ஒன்றை வைத்துக்கொண்டே ஓட்டுகிறார்களே. இசிடி (அட்டை விளிம்பின் நசுங்கு பலம்), தடிமன், சுற்றளவு, முடிந்தது.

மூன்றாம்_ப்ளை

மெக்கீ பெட்டிக்கு, இவர் கேட்பது தட்டுக்கு. 1963-ல் ஆப்பிள்டனில் இருந்த இன்ஸ்டிடியூட் ஆஃப் பேப்பர் கெமிஸ்ட்ரியில் மெக்கீ, காண்டர், வச்சுட்டா மூவரும் போட்ட அந்தச் சமன்பாட்டில் இசிடியின் அடுக்கு 0.746, இரு திசை விறைப்பின் பெருக்கல் சராசரிக்கு 0.254. அதாவது விறைப்பு 10 சதவீதம் விழுந்தால் பெட்டியின் தாங்குதிறன் 2.6 சதவீதம்தான் விழும். பாதியாகவே போனாலும் 16 சதவீதம். பெட்டிக்காரர்கள் விறைப்பை அளக்காமல் காலம் தள்ள முடிவது அதனால்தான். நீங்கள் சொல்கிற குட்டி ஃபார்முலாவில் விறைப்பே கிடையாது, அதன் இடத்தில் தடிமன் வந்து உட்கார்ந்துகொண்டது. தட்டின் தொய்விலோ விறைப்பு பாதியானால் தொய்வு இரட்டிக்கும். அங்கே தடிமனை வைத்து ஒப்பேற்ற முடியாது.

நெளிதாள்

எடுத்துவிட்டேன். ஷீட்டுகளை முதலில் காய வைத்து, பிறகு 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, எடையையும் குறைத்து வைத்தேன். எம்டி திசையில் 100 மி.மீ. ஸ்பேனில் 2.25, 200-ல் 3.0, 300-ல் 3.2 சொச்சம். நேர்கோடுதான். வெட்டுத்துண்டிலிருந்து 3.4, சரிவிலிருந்து ஷியர் 8. நான்கு புள்ளியில் 3.35 வருகிறது.

அண்ணாச்சி கேட்டதற்காக, அதே லாட்டில் பிரிண்டிங் முடிந்து வந்த ஷீட்டையும் எடுத்தேன். தடிமன் 2.95-லிருந்து 2.9 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். 300 ஸ்பேனில் 2.97. ஆனால் 100 ஸ்பேனில் 1.65! கோடு போட்டால் வளைவு விறைப்பு 3.3, ஷியர் 4. பாதி போய்விட்டது.

சிவகாசிக்காரன்

இதைத்தான் தம்பி கேட்டேன். ஃபீட் ரோலில் ஒரு நசுக்கு, பிரிண்டிங் இம்ப்ரெஷனில் ஒரு நசுக்கு. ஃப்ளூட் அமுங்கிவிட்டு அடுத்த நிமிடம் எழுந்து நின்றுகொள்ளும். கேலிப்பர் வைத்தால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி தெரியும். கஸ்டமர் கம்ப்ளெயின்ட் சொல்வான், நம்ம ஆள் கேலிப்பரைக் காட்டிச் சண்டை போடுவான். ஃப்ளூட்டின் தோள் ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான், உயரம் திரும்ப வரும், பலம் வராது.

எங்கள் பைண்டர் ஒருத்தர் ஷீட்டை இரண்டு மூலையில் பிடித்து முறுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார், இது நசுங்கின சரக்கு என்று. மெஷின் எதுவும் கிடையாது.

தகடு_கணக்கு

அந்த பைண்டர் செய்வதில் ஒரு பாதி ஷியர் டெஸ்ட்தான். முறுக்கும்போது மையத்தின் ஷியர் நேராக வேலைக்கு வருகிறது. அட்டையை முறுக்கி அதிரவிட்டு அதன் அதிர்வெண்ணிலிருந்து நசுங்கலைக் கண்டுபிடிக்கிற லேப் கருவியே இருக்கிறது.

இனி மாடல். நெளிதாள், இப்போது எஃப்இயில் என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

நெளிதாள்

2.95 மி.மீ. திடத் தட்டாக எடுத்து, வளைவு விறைப்பு 3.4 வரும்படி மாடுலஸைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். 1590 மெகாபாஸ்கல் பக்கம் வந்தது.

தகடு_கணக்கு

தட்டு தட்டையாக வளைகிற வரைக்கும் அது ஓடும். ஆனால் அதே பொருளை இழுத்துப் பாருங்கள். 1590 × 2.95 என்றால் ஒரு மி.மீ. அகலத்துக்கு 4690 நியூட்டன். உண்மையில் இழுப்பைத் தாங்குவது இரண்டு லைனர் மட்டும்: 4000 × 0.46, அதாவது 1840. இரண்டரை மடங்கு பொய். ஸ்டாண்டின் காலிலும் மடித்த விளிம்பிலும் அட்டை தளத்துக்குள்தான் விசை வாங்கும். அங்கே மாடல் உங்களுக்கு இல்லாத பலத்தைக் காட்டும்.

ஒரு கைவேலை உண்டு. வளைவையும் இழுப்பையும் ஒரே நேரத்தில் சரிக்கட்ட வேண்டுமானால் தடிமனையும் பொய்யாகக் கொடுக்க வேண்டும்: 12 × 3400 ÷ 1840, அதன் வர்க்கமூலம், 4.7 மி.மீ. மாடுலஸ் 391. லைனர் மைய இடைவெளியின் மூன்றின் வர்க்கமூல மடங்குதான் அது. 3 மி.மீ. அட்டைக்கு 4.7 மி.மீ. தட்டு, கேட்க வேடிக்கையாக இருக்கும், எண் சரியாக வரும். ஆனால் சிடி திசைக்கு இதையே போட்டால் 4.1 மி.மீ. வருகிறது, அங்கே மீடியமும் பங்கு கேட்பதால். ஒரு தட்டுக்கு இரண்டு தடிமன் கொடுக்க முடியாது. அதனால் இந்த வழி ஒரு திசைக் கணக்குக்கு மட்டும்.

முறையான வழி: ஷெல் மூலகத்துக்கு (மெல்லிய தகட்டுக்கான எஃப்இ துண்டு) பொருளையும் தடிமனையும் கொடுக்காமல் விறைப்பு அணியை நேராகக் கொடுப்பது. இழுப்பு, வளைவு, இரண்டு திசை ஷியர் எல்லாம் தனித்தனி எண். அபாகஸ் மென்பொருளில் ஜெனரல் ஷெல் செக்‌ஷன், கூடவே டிரான்ஸ்வர்ஸ் ஷியரைக் கையால் கொடுக்கிற இடம் இருக்கிறது. அங்கே 8, 25 என்று போடுங்கள். நசுங்கின ஷீட்டுக்கு 4. மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

சும்மா_பார்க்கிறேன்

ஒவ்வொரு நெளிவையும் அப்படியே வரைந்து மெஷ் போட்டால் இந்தப் பொய் எதுவுமே வேண்டாமே? இப்போது கம்ப்யூட்டர் எல்லாம் வேகம்தானே.

தகடு_கணக்கு

600 மி.மீ. தட்டில் 90-க்கு மேல் நெளிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டஜன் மூலகம், லைனர் வேறு, ஸ்டாண்டில் நான்கு தட்டு, கால்கள். ஓடும், ஆனால் ஒரு மாற்றத்துக்கு ஒருமுறை காத்திருக்க வேண்டும். நான் ஒரே ஒரு நெளிவை மட்டும் விவரமாக வரைந்து, அதிலிருந்து விறைப்பு அணியை எடுத்து, பெரிய மாடலுக்குக் கொடுப்பேன். 2005-ல் பியான்கோலினி நெளி அட்டைக்கு இதையே செய்து காட்டியிருக்கிறார்.

விவரமாக வரைந்தாலும் பொய் போகாது. உண்மை ஃப்ளூட் சைன் அலை இல்லை, நுனியில் வளைவு, பக்கவாட்டில் கிட்டத்தட்ட நேர்ச்சுவர். மீடியம் பல்லுக்குள் போய் வரும்போது நுனியில் இழைகள் உடைகின்றன, நீங்கள் ரோலில் அளந்த மாடுலஸ் அங்கே இல்லை. பசை ஒரு கோடாகவும் இல்லை, ஒரு பட்டையாக இருக்கிறது. ஷியர் எண் இவை எல்லாவற்றையும் பொறுத்து ஆடும். கணக்கிட்ட ஷியரைவிட அளந்த ஷியர் எப்போதும் கம்மியாகவே எனக்கு வந்திருக்கிறது. மூன்று ஸ்பேன் டெஸ்ட் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

அதைவிட முக்கியம், இந்தத் தட்டைக் கொஞ்சம் கையால் போட்டுப் பார்த்தீர்களா? இரண்டு முனையில் மட்டும் தாங்கினால், 4 கிலோவுக்கு 600 மி.மீ. ஸ்பேனில் கணக்குப்படி 110 மி.மீ. தொய்வு. அதற்கு வெகு முன்பே பாட்டில்கள் தரையில் இருக்கும்.

நெளிதாள்

முன்னும் பின்னும் 50 மி.மீ. உதடு மடிப்பு இருக்கிறது. வரைபடம் போடாமல் விட்டது குழப்பிவிட்டது போல. மடிப்பு 600 மி.மீ. நீளவாக்கில், ஃப்ளூட் முன்னும் பின்னுமாக.

தகடு_கணக்கு

அப்படியானால் கதையே வேறு. 50 மி.மீ. உதடு ஒன்று நிமிர்ந்து நிற்கும்போது அதன் வளைவு விறைப்பு 1840 × 50³ ÷ 12. முழு 300 மி.மீ. தட்டின் விறைப்போடு ஒப்பிட்டால் ஒரு உதடு மட்டும் கிட்டத்தட்ட 19 தட்டுக்குச் சமம். இரண்டு உதடும் சேர்ந்தால் தொய்வு 110-லிருந்து 3 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். இந்த 3 மி.மீ.யைத் தீர்மானிப்பது அந்த 1840, இழுப்பு விறைப்பு. பழைய மாடலில் அது 4690. உங்கள் மாடல் ஒரு மி.மீ. கொஞ்சம் கூட என்று சொல்லியிருக்கும், நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

இனி தட்டின் தனி வளைவு எங்கே வேலை செய்கிறது என்றால், இரண்டு உதட்டுக்கு நடுவிலுள்ள 300 மி.மீ.யில். அது சிடி திசை, 1.85. உதட்டின் மேல் சும்மா உட்கார்ந்ததாக எடுத்தால் 12 மி.மீ.க்கு மேல் தொய்யும். உங்கள் பிரச்சினை இங்கே இருக்கிறது, நீளத்தில் இல்லை.

சும்மா_பார்க்கிறேன்

ஃப்ராங்க் கெரி 1972-ல் செய்த அந்த நெளி அட்டை நாற்காலி ஞாபகத்துக்கு வருகிறது. அவரும் அட்டையைப் படுக்கவே வைக்கவில்லை, அடுக்கடுக்காக ஒட்டி விளிம்பில் நிறுத்தினார்.

சிவகாசிக்காரன்

நாற்காலி இருக்கட்டும். தம்பி, தட்டுக்கு அடியில் நடுவில் ஒரு யூ மடிப்பைச் செருகிவிடுங்கள், 300 பாதியாகிவிடும். அல்லது தட்டு மட்டும் 5 ப்ளை. காசு பார்த்தால் யூ மடிப்புதான் மலிவு, கழிவு அட்டையிலேயே வரும். உதட்டு மடிப்பு ஃப்ளூட்டுக்குக் குறுக்கே வருவது நல்லது. ஃப்ளூட் கோட்டோடு மடித்தால் கிரீஸ் (மடிப்புக் கோடு) ஒரு பள்ளத்துக்குள் ஓடிப்போய் 2, 3 மி.மீ. தள்ளி மடியும்.

ஈரக்காற்று

சென்னையிலிருந்து. எல்லாரும் இன்றைய விறைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். ஷாம்பு ஒரு மாதம் நிற்கும். அட்டை எடையில் நின்றபடியே தொய்ந்துகொண்டே போகும். பெட்டி அடுக்கும் தொழிலில் புழங்குகிற அட்டவணையில் 10 நாளில் தாங்குதிறன் 37 சதவீதம் குறையும், 30 நாளில் 40, 90 நாளில் 45. அது உடைவதற்கான எண், தொய்வுக்கு அப்படியே போட முடியாது. ஆனால் திசை அதுதான்.

ஈரப்பதம் இன்னும் மோசம். கெல்லிகட் சமன்பாட்டில் அட்டையின் ஈரப்பதம் 8-லிருந்து 14 சதவீதம் ஆனால் பெட்டியின் பலம் மூன்றில் இரண்டாகிவிடும். இதில் பலர் மறப்பது, ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது, ஒரே ஈரத்தில் நிற்பதைவிடக் கெடுதல். பகலில் கடை ஏசி, இரவில் ஷட்டர் இறக்கி ஏசி நிறுத்தம். நவம்பரில் இப்படி ஒரு சுழற்சியில் வைத்த ஸ்டாண்டு தொய்கிற தொய்வு எந்த 50 சதவீத லேபிலும் வராது.

மூன்றாம்_ப்ளை

சரியாகச் சொன்னீர்கள். நெளிதாள், மாடலில் இந்த நாள்பட்ட தொய்வை, க்ரீப்பைச் சேர்க்க முயலாதீர்கள், இன்னொரு விவாத இழை ஆகிவிடும். ஒரு தட்டை எடையோடு கடையின் பின்னறையிலேயே வைத்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டிவிடுங்கள். அதன் விகிதத்தை மாடல் எண்ணோடு பெருக்கினால் போதும். ஷாம்புக் கம்பெனிக்கு அதற்கு மேல் துல்லியம் வேண்டாம்.

நெளிதாள்

யூ மடிப்பு வைத்துப் பார்க்கிறேன். விறைப்பு அணி கொடுத்து மாடல் ஓடுகிறது, நடுத் தொய்வு கைக்கணக்கோடு ஒத்துப்போகிறது. உதடு மடிகிற இடத்தை மட்டும் எப்படிக் கொடுப்பது? இப்போது 90 டிகிரி முழு இறுக்கமாக வைத்திருக்கிறேன்.

தகடு_கணக்கு

முழு இறுக்கம் வேண்டாம், முழுக் கீலும் வேண்டாம். மடிப்புக் கோட்டில் சுழல் ஸ்பிரிங் போடுங்கள். எண்ணுக்கு: மடித்த ஒரு துண்டின் ஒரு பக்கத்தை மேசையில் கவ்வி, மறு பக்கத்தில் மடிப்பிலிருந்து 50 மி.மீ. தள்ளிச் சின்ன எடை தொங்கவிட்டு, கோணம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஒருமுறை மடித்துத் திறந்ததையும் தனியாக எடுங்கள், கடைக்காரர் ஸ்டாண்டை ஒருமுறையாவது தப்பாக மடித்துத் திறப்பார்.

சிவகாசிக்காரன்

ஒருமுறையா?